வாசகர் கேள்வி–பதில்: பழைய மஸ்டாங்கும் இம்பாலாவும், கராஜ் வேலைகளும்

அறுபதுகளின் அமெரிக்க கார்களைச் சொந்த கராஜில் வைத்துச் சீர்செய்துவரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில். ஃபோர்டின் மஸ்டாங் பற்றியவையே அதிகம்.

கேள்வி: 1966 மஸ்டாங் கூபே ஒன்று விலைக்கு வருகிறது. 289 கன அங்குல வி8 இன்ஜின் இருக்கிறது. ஆலையிலிருந்து வந்த அதே இன்ஜின் என்கிறார் விற்பவர். வின் எண் (காரின் அடையாள எண்) 6ஆர்07டி (6R07T) என்று தொடங்குகிறது. நம்பி வாங்கலாமா? (வாசகர், சான் ஹோசே)

பதில்: அந்த 'டி' ஒன்றே விற்பவர் சொல்வதை மறுக்கிறது. 6 என்றால் 1966. ஆர் என்றால் சான் ஹோசே ஆலை (ஆலை இருந்தது உங்கள் பக்கத்து ஊரான மில்பிட்டாஸில்; இன்று அந்த இடத்தில் கிரேட் மால் இருக்கிறது). 07 என்பது கூபே உடல். ஐந்தாவதாக வரும் எழுத்துதான் இன்ஜின்: டி என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர், சி என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் 289, ஏ என்றால் நான்கு பேரல் 289, கே என்றால் 271 குதிரைத்திறன் கொண்ட 289. ஆக, இந்த கார் ஆறு சிலிண்டராகப் பிறந்தது. வி8 பிறகு மாட்டப்பட்டது.

இந்த ஆண்டு கார்களில் கே இன்ஜினைத் தவிர மற்றவற்றின் பிளாக்கில் (இன்ஜினின் வார்ப்பு உடல்) ஃபோர்டு வின் எண்ணை அடிக்கவில்லை. எனவே சி, ஏ கார்களில்கூட 'அதே இன்ஜின்' என்பதை வின் எண்ணை வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. பிளாக்கில் உள்ள வார்ப்புத் தேதியை, கதவில் பதித்த விவரத் தகட்டில் உள்ள தயாரிப்புத் தேதியோடு ஒப்பிடுவதுதான் ஒரே வழி. 6சி12 என்றிருந்தால் 1966 மார்ச் 12. வார்ப்புத் தேதி கார் தயாரான தேதிக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் கதை முடிந்தது.

இன்ஜின் மாறியது குற்றமல்ல. எப்படி மாற்றினார்கள் என்பதே கேள்வி. முதலில் சக்கரத்தின் நட்டுகளை எண்ணுங்கள். ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு நான்கு, வி8-க்கு ஐந்து. வி8 உட்கார்ந்த காரில் இன்னும் நான்கு நட்டு இருந்தால் முன்பக்கம் 9 அங்குல பிரேக் டிரம், மெலிந்த ஸ்பின்டில் (சக்கரம் சுழலும் தண்டு), பின்னால் 7¼ அங்குல ஆக்சில் எல்லாம் பழையபடியே கிடக்கின்றன என்று பொருள். வி8-க்கு ஆலை கொடுத்தது 10 அங்குல டிரம், 8 அங்குல ஆக்சில். ஆக்சிலை அடையாளம் காண காரின் பின்னால் குனிந்து பாருங்கள். போல்ட்டு போட்ட மூடி பின்பக்கம் தெரிந்தால் அது சிறியது. பின்பக்கம் வழவழப்பாக இருந்து பல்சக்கரக் கூடு முன்பக்கமாகக் கழல்வது போலிருந்தால் 8 அங்குலம். ஸ்பின்டில், பிரேக், ஸ்டியரிங் இணைப்புக் கம்பிகள், ரேடியேட்டர், பின் ஆக்சில் எல்லாம் மாற்றும் செலவைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கதவுத் தகட்டை மட்டும் நம்ப வேண்டாம். கதவை மாற்றினால் தகடும் மாறிவிடும். பானட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கத்து உள்தகட்டின் மேல் விளிம்பில் அடித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். அதுவும் டைட்டிலில் (உரிமைப் பத்திரம்) உள்ள எண்ணும் ஒவ்வோர் எழுத்தும் பொருந்தினால்தான் பணம்.

கேள்வி: மழை பெய்தால் மஸ்டாங்கின் பயணி பக்கத் தரைவிரிப்பு நனைகிறது. முன்கண்ணாடி ரப்பரை மாற்றியும் நிற்கவில்லை. (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: முதல் தலைமுறை மஸ்டாங்கின் பேர்போன நோய் இது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்களுக்கு முன்னால் காற்று நுழையும் துளைகள் உள்ள பகுதியைக் கவுல் என்பார்கள். இரண்டு தகடுகளைச் சேர்த்து வெல்ட் செய்த பெட்டி அது. உள்ளே, காற்று கேபினுக்கு இறங்கும் இரண்டு வட்டத் துளைகளைச் சுற்றி ஒரு விளிம்பு எழுந்து நிற்கும். மழைநீர் அந்த விளிம்பைத் தாண்டாமல் இருபக்கமும் ஓடி, முன் ஃபெண்டருக்குப் பின்னால் வடிய வேண்டும். இலைச்சருகு உள்ளே சேர்ந்தால் ஈரம் காயாது; விளிம்பின் அடி துருப்பிடித்து ஓட்டை விழும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். தரைவிரிப்பை எடுத்துவிடுங்கள். ஒருவர் டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு படுத்துக்கொள்ள, இன்னொருவர் கவுல் துளைகளில் ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றட்டும். பிறகு மறுபக்கம். பயணி பக்கத் துளை ஹீட்டர் பெட்டிக்குப் போகிறது; எனவே நீர் பெட்டிக்கு உள்ளிருந்து சொட்டுகிறதா, பெட்டிக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பரைச் சுற்றி வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். ரப்பர் மட்டும் என்றால் பெட்டியை இறக்கிப் புதிது போட்டால் போதும். கார் மழையில் நனையாத நாளிலும் ஈரம் இருந்து, அது பிசுபிசுவென்று இனிப்பு வாடை அடித்தால் கவுல் அல்ல. ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் உள்ள சிறு ரேடியேட்டர்) ஒழுகுகிறது.

விளிம்பு துருப்பிடித்திருந்தால் முழு வைத்தியம் பெரிது. முன்கண்ணாடி, பானட், இரண்டு ஃபெண்டர்கள், வைப்பர் எல்லாம் கழற்றி, மேல்தகட்டின் ஸ்பாட் வெல்டுகளை அதற்கான கட்டரால் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்க வேண்டும். கட்டர் மேல்தகட்டை மட்டும் தின்ன வேண்டும். கீழ்த்தகடு ஓட்டையாகிவிடக் கூடாது. அழுகிய பகுதியை வெட்டி, கடைகளில் கிடைக்கும் புதிய விளிம்புத் துண்டை வெல்ட் செய்து, எபாக்சி பிரைமரும் சீம் சீலரும் போட்டு, தண்ணீர் ஊற்றிச் சோதித்த பிறகே மேல்தகட்டை மூடுங்கள். மூடியபின் ஒழுகினால் இத்தனை வேலையும் திரும்ப வரும்.

கீழிருந்து செருகி சீலரால் ஒட்டும் பிளாஸ்டிக் மூடிகளும் விற்கின்றன. ஓரிரு வருடம் தாங்கும். துரு நிற்காது. காருக்கு முழுப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் கவுல் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தரைத்தகடு மாற்றுவதும் கவுலை அடைத்த பிறகுதான். இல்லாவிட்டால் புதுத் தகடும் அதே தண்ணீரில் நனையும்.

கேள்வி: மஸ்டாங் கன்வெர்ட்டிபிளில் இரண்டு பக்கத் தரைத்தகடுகளையும் வெட்டிப் புதிது வெல்ட் செய்தேன். இப்போது கதவு பின் விளிம்பில் இடிக்கிறது. கீலைத் திருகிப் பார்த்தும் சரியாகவில்லை. (வாசகர், டெக்சாஸ்)

பதில்: கீலைத் தொடாதீர்கள். கூரை இல்லாத காரில் தரைதான் முதுகெலும்பு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டியபோது உடல் நடுவில் தொய்ந்து, கதவு வாசலின் மேல்பகுதி சுருங்கியிருக்கிறது. அந்தத் தொய்வோடு வெல்ட் செய்ததால் அப்படியே உறைந்துவிட்டது.

உறுதிசெய்யக் கதவைக் கழற்றிவிட்டு வாசலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, மறுபக்க வாசலோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், புதுத் தகட்டின் வெல்டுகளை ஒரு பக்கமாக விடுவித்து, ராக்கருக்கு (கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டம்) அடியில் நீளமான மரக்கட்டை கொடுத்து ஜாக்கால் மெல்ல உயர்த்தி, கதவை மாட்டி இடைவெளி சீராகும்வரை சரிபார்க்க வேண்டும். பிறகு வாசலுக்குக் குறுக்கே சதுர இரும்புக் குழாயை வெல்ட் செய்து நிறுத்திவிட்டு, தரையை மீண்டும் பிணையுங்கள். வலி தரும் வேலைதான். வேறு குறுக்குவழி இல்லை.

வெல்டிங் விவரம்: 0.023 அங்குல மிக் கம்பி, 75 சதவீதம் ஆர்கான் 25 சதவீதம் கார்பன் டைஆக்சைடு கலந்த வாயு. மேல்தகட்டில் 5/16 அங்குலத் துளைகளை ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாகப் போட்டு பிளக் வெல்ட் செய்யலாம். தகடுகள் ஒட்டும் இடத்தில் துத்தநாக பிரைமர் பூசி, துளைக்கு நேர் கீழே மட்டும் சுரண்டிவிடுங்கள். இல்லையேல் வெல்ட் நுரைத்துத் துளை துளையாகும். ஒரே வரிசையில் தொடர்ந்து போனால் தகடு சூட்டில் நெளியும். ஒன்று இங்கே, ஒன்று எதிர்முனையில் என்று மாறி மாறிப் போடுங்கள். இந்த காரில் டிக்கியின் தரையே பெட்ரோல் டேங்கின் மேல்பகுதி என்பதை மறக்காமல், டேங்கை இறக்கிவிட்டுத்தான் தீப்பொறி.

கேள்வி: 1968 செவர்லே இம்பாலா, 327 இன்ஜின். இருபது வருடம் ஷெட்டில் நின்றது. புது பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா? (வாசகர், ஓஹையோ)

பதில்: வேண்டாம். பிஸ்டன் ரிங்கு சிலிண்டரில் லேசாக ஒட்டியிருந்தாலும் செல்ஃப் மோட்டாரின் வேகத்தில் ரிங்கு முறியும். ஒரு வால்வு அதன் குழலில் இறுகியிருந்தால் அதை இயக்கும் புஷ்ராடு என்ற கம்பி வளையும்.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு எட்டு பிளக்குகளையும் எடுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மேசைக்கரண்டி அளவு ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். அதற்குள் ஏர் கிளீனர், கார்புரேட்டர் வாய், சைலன்சர் குழாய் எல்லாவற்றிலும் எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் நின்ற காரில் அது வழக்கம்.

பிறகு கிராங்க் போல்ட்டில் நீளமான பிடி போட்டுக் கையால் சுற்றுங்கள். அசையாவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். எண்ணெயையும் நாளையும் கூட்டுங்கள். சுற்றத் தொடங்கியதும் வால்வு மூடிகளைத் திறந்து, 16 ராக்கர்களும் (வால்வை அழுத்தும் நெம்புகோல்கள்) ஏறி இறங்குகின்றனவா என்று இரண்டு முழுச் சுற்று பாருங்கள். கீழே போன வால்வு மேலே வராவிட்டால் அங்கேயே நிறுத்தி, வால்வுத் தண்டில் எண்ணெய் விட்டு, மென்மையான சுத்தியால் தட்டி விடுவிக்க வேண்டும்.

பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரோடு 5 குவார்ட் புதிது ஊற்றுங்கள். இப்போது பலர் தவறவிடும் வேலை: இன்ஜின் ஓடும் முன்பே ஆயிலை மேலே ஏற்றுவது. ரோட்டர் எந்தத் திசை நோக்கி நிற்கிறது என்று குறித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிரும் கருவி) கழற்றி, பிரைமிங் தண்டைத் துளையில் இறக்கி, டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றவும். செவர்லேயில் கடிகாரத் திசை. ஃபோர்டு 289 என்றால் எதிர்த்திசை. செவர்லேக்கு வெறும் ஸ்குரூடிரைவர் தண்டு உதவாது. அந்த இன்ஜினில் லிஃப்டர்களுக்கான (கேம் மீது அமர்ந்து புஷ்ராடைத் தள்ளுபவை) எண்ணெய் வழி டிஸ்ட்ரிபியூட்டர் உடலைச் சுற்றித்தான் போகிறது. அந்த இடத்தை அடைக்கும் உருளை உள்ள கருவி வேண்டும். எல்லா ராக்கரிலும் எண்ணெய் வழியும்வரை, நடுநடுவே கிராங்கைக் கையால் கொஞ்சம் சுற்றிக்கொண்டே, டிரில்லை ஓட்டுங்கள்.

டேங்கில் உள்ள பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை இன்ஜினுக்கு அனுப்பாதீர்கள். பெட்ரோல் பம்பின் உள்வழிக் குழாயை ஒரு சிறிய பெட்ரோல் கேனில் இறக்கி அதிலிருந்தே ஓட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயின்ட்டை (தொடுமுனை) சுத்தம் செய்யுங்கள்; புதிது போட்டால் இடைவெளி 0.019 அங்குலம். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பற்றியதும் கண் ஆயில் பிரஷர் மீட்டரில் இருக்க வேண்டும். பத்து விநாடிக்குள் முள் எழாவிட்டால் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மறுசீரமைத்த இன்ஜின் 500 மைல்கூட ஓடவில்லை, டக் டக் சத்தம், ஆயிலில் உலோகத் துகள். கடையில் கிடைத்த நல்ல ஆயில்தான் ஊற்றினேன். (வாசகர், மிச்சிகன்)

பதில்: கேம்ஷாஃப்டின் (வால்வுகளைத் திறக்கவைக்கும் சுழல்தண்டு) மேடு தேய்ந்துவிட்டது. அந்தக் காலத்து இன்ஜின்களில் லிஃப்டரின் அடி கேம் மீது நேராக உரசும். மேடு சற்றே சரிவாகவும், லிஃப்டரின் அடி மிக மெல்லிய குவிவாகவும் கடையப்பட்டிருப்பதால், லிஃப்டர் தன்னைத் தானே சுற்றிக்கொண்டே ஏறி இறங்கும். சுற்றுவது நின்றால் சில நிமிடங்களில் மேடு போய்விடும்.

நிற்பதற்குக் காரணங்கள் இரண்டு மூன்று. புதுக் கேமைப் பற்றவைத்ததும் உடனே 2000 முதல் 2500 சுற்று வேகத்தில் 20 நிமிடமாவது ஓட்ட வேண்டும். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் தராத மெதுவான ஓட்டம்) விட்டால் கேமுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது. கார்புரேட்டரைச் சரிசெய்கிறேன், டைமிங் பார்க்கிறேன் என்று ஐடிலில் பத்து நிமிடம் விட்டுக் கெட்டவைதான் அதிகம். பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் போடுவது இன்னொன்று. அளவுக்கு மீறிய வால்வு ஸ்பிரிங் மற்றொன்று. ஆயிலும் சேர்ந்துகொள்கிறது: 2004-க்குப் பிந்தைய எஸ்எம் தரத்திலிருந்து, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற ஆயில்களில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 800 பங்கு) மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. புதிய கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்கான விதி அது. இப்படி நேராக உரசும் லிஃப்டருக்கு 1000 பிபிஎம்முக்குமேல் உள்ள, பழைய கார்களுக்கென்றே விற்கும் ஆயில் நல்லது.

உங்கள் இன்ஜினை முழுதாகப் பிரித்தாக வேண்டும். துகள் பேரிங்குகளில் பதிந்திருக்கும். கேமையும் லிஃப்டரையும் மட்டும் மாற்றி மூடினால் அடுத்து போவது பேரிங்.

கேள்வி: 1965 மஸ்டாங்கில் பிரேக் ஆயில் கிண்ணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அசலாக வைத்திருக்க ஆசை. ஆபத்தா? (வாசகர், வட கரோலினா)

பதில்: ஆபத்துதான். ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரில் (மிதியின் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் பாகம்) நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும், ஒரு குழாய் வெடித்தாலும் மிதி தரையைத் தொடும், நான்கிலும் பிரேக் இருக்காது. மஸ்டாங்குக்கு இரட்டை அறை 1967-ல் வந்தது. அதை 65-க்கும் மாட்டலாம். பழையதைப் பெட்டியில் போட்டு வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவருக்குக் கொடுக்கலாம். அசல் தோற்றத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கச் சொல்லும் முதல் இடம் இது.

டிரம் காருக்கான சிலிண்டரையும் முன் டிஸ்க் காருக்கானதையும் குழப்பிவிடாதீர்கள். மாட்டும் முன் வைஸில் பிடித்து, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். குழாய் 3/16 அங்குலம். செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கையால் வளைக்க எளிது, துருவும் பிடிக்காது. முனையில் 45 டிகிரி இரட்டை ஃபிளேர் அவசியம். பெட்ரோல் குழாய்க்குப் போடும் கம்ப்ரஷன் இணைப்பை பிரேக்கில் எங்கும் போடக் கூடாது. காற்று எடுப்பது தூரத்துச் சக்கரத்திலிருந்து: வலது பின், இடது பின், வலது முன், இடது முன்.

மூன்று ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. டாட் 3 பிரேக் ஆயிலோடு சிலிகோன் வகையான டாட் 5-ஐக் கலக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்து ஊதாமல், தண்ணீரும் கிளீனரும் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

கேள்வி: என் 66 மஸ்டாங்கில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் எகிறி நிற்கின்றன. இரண்டு மீட்டரும் ஒன்றாகக் கெடுமா? (வாசகி, இல்லினாய்)

பதில்: கெடாது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று கெட்டிருக்கிறது. மீட்டர் பலகையின் பின்னால் விரல் நீளத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அது 12 வோல்ட்டைத் துடிப்பு துடிப்பாக விட்டு, சராசரி 5 வோல்ட்டாக்கி மீட்டர்களுக்குத் தருகிறது. அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டாலோ அதற்கு எர்த் சரியில்லாமல் போனாலோ முழு 12 வோல்ட்டும் போய்விடும். முதலில் மீட்டர் பலகைக்கு எர்த் கொடுங்கள். அதிலேயே பாதி தீரும். இல்லையென்றால் பெட்டியை மாற்றுங்கள். சரிபார்க்கும் சாக்கில் பேட்டரி ஒயரை மீட்டரில் நேராக வைத்தால் உள்ளே சூட்டுக்கம்பி எரிந்துவிடும்.

பெட்ரோல் முள் மட்டும் தவறினால் டேங்கில் பெட்ரோல் அளவை உணரும் கருவியை ஓம் மீட்டரில் பாருங்கள். காலி டேங்கில் சுமார் 73 ஓம், நிறைந்த டேங்கில் சுமார் 10.

கேள்வி: நெடுஞ்சாலையில் சூடு சரியாக இருக்கிறது, சிக்னலில் நின்றால் ஏறிவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றலாமா? (வாசகர், அரிசோனா)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஓடும்போது குளிர்கிறதென்றால் ரேடியேட்டர் வேலை செய்கிறது. நிற்கும்போது காற்று இழுபடவில்லை. ரேடியேட்டர் விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டு தொலைந்துபோயிருக்கும், அல்லது விசிறியின் கிளட்ச் தளர்ந்திருக்கும். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், வேக்கம் அட்வான்ஸ் குழாய் கழன்றிருந்தாலும் ஐடிலில் சூடு ஏறும். ஓடும்போது சூடாகும் காருக்குத்தான் ரேடியேட்டர் அடைப்பும், உள்ளே ஸ்பிரிங் இல்லாததால் உறிஞ்சப்பட்டுச் சப்பும் கீழ்க்குழாயும் காரணமாக வரும்.

கேள்வி: கராஜ் முழுக்க பெட்ரோல் வாடை. கண்ணுக்குத் தெரியும் ஒழுகல் இல்லை. (வாசகர், ஃபுளோரிடா)

பதில்: எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது. டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் துண்டுகளையும் ஜே30ஆர்9 என்று அச்சிட்ட குழாயாக மாற்றுங்கள். டேங்கில் பெட்ரோல் ஊற்றும் கழுத்தின் கேஸ்கெட்டையும் விட்டுவிடாதீர்கள். அதற்குள் காரை கராஜுக்கு வெளியே நிறுத்துங்கள். அதே கராஜில் பைலட் என்ற சிறு சுடர் எரியும் வாட்டர் ஹீட்டர் இருந்தால் இன்றே.

கேள்வி: பழைய பெயின்ட்டை மணல் வீச்சில் எடுக்கலாமா? (வாசகர், ஜார்ஜியா)

பதில்: சஸ்பென்ஷன் பாகங்களுக்குச் செய்யலாம். பானட், கூரை, கதவு போன்ற அகலத் தகடுகளுக்கு வேண்டாம். மணல் அடித்து அடித்துத் தகடு நீண்டு அலை அலையாகிவிடும், எந்த டிங்கரிங்கும் அதை முழுதாக மீட்காது. அங்கே ரசாயனமோ 80 கிரிட் தாளோ போதும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்ந்த தூள் பறக்கவிடாதீர்கள். இரும்பு தெரிந்த அன்றே எபாக்சி பிரைமர். பட்டி 1/8 அங்குலத்துக்குமேல் தேவைப்பட்டால் தகட்டைத்தான் தட்டி நிமிர்த்த வேண்டும். இரண்டு பாகக் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் உண்டு. சாதாரண முகமூடி அதற்குப் போதாது. வெளிக்காற்று ஊட்டும் முகமூடி இல்லையென்றால் கடைசிப் பூச்சைப் பெயின்ட் கடையில் விடுங்கள்.

கேள்வி: வேலை முடியும் முன்பே இன்ஷூரன்ஸ் வேண்டுமா? (வாசகி, கலிஃபோர்னியா)

பதில்: வேண்டும், கராஜில் தீப்பிடித்தாலும் திருடு போனாலும் பாகங்களுக்கும் சேர்த்தே இழப்பு. வழக்கமான பாலிசி, தேய்மானம் கழித்த சந்தை விலையைத்தான் தரும். பழைய கார்களுக்கு, முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையைத் தரும் பாலிசி எடுங்கள். பூட்டிய கராஜ், தினசரி ஓட்டத்துக்கு வேறொரு கார், மைல் வரம்பு போன்ற நிபந்தனைகள் இருக்கும். ரசீதுகளையும், ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்களையும் வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். வேலை முன்னேற முன்னேறத் தொகையை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மாநிலத்தில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் (புகை) சோதனை கிடையாது. அந்த ஒரு வேலை உங்களுக்கு இல்லை.